புரட்டாசியில் கட்டிய பச்சைக் கயிறு

என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். ரத்தக்கொதிப்பு மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டு, மறந்துபோன பெயர்களை நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறவர்களுக்குத்தான் இது விளங்கும். இளசுகளிடம் சொன்னால் "சரி, கடைசியில என்ன ஆச்சு" என்று முடிவைக் கேட்பார்கள். அது என் கையில் இல்லை.

போன வாரம் என் மகள் ஃபோன் செய்தாள். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் ஆசிரியை. அங்கே குழந்தைகளுக்குத் தாவர உணவு வாரம் நடத்தப்போகிறார்களாம். மாட்டுப்பால் இல்லாத பாயசம், தோல் இல்லாத செருப்பு, ஆடு மாடு கோழிகளைப் பற்றி தினம் ஒரு வகுப்பு. கடைசி நாளில் பெற்றோர்களை உட்காரவைத்து ஒரு நாடகம்.

"நீங்க வந்து பேசணும்மா. கறிக்கடைக்காரர் வீட்டுல பொறந்து, சின்ன வயசுலயே கறிய விட்டவங்க நீங்க. கேட்டா பசங்க அசந்துருவாங்க."

"நாடகத்துல என்ன கதை?"

"ஒரு ஆட்டுக்குட்டி, ஒரு கசாப்புக்கடைக்காரன். குட்டி அழுகும், அவன் சிரிப்பான். சின்னப் பசங்கதானேம்மா. அப்புறம், உங்க அத்தாவோட கறி வெட்டற கட்டை எங்கியாச்சும் இருக்குதா? கண்காட்சியில வெக்கலாம்னு பாக்கறேன்."

அடுப்பில் ஏதோ கருகுகிறது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை.

நாங்கள் அப்போது கிணத்துக்கடவில் இருந்தோம். அத்தாவுக்கு, எங்கள் வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், பூர்வீகம் கோயமுத்தூர் கோட்டைமேடு. அங்கே தெருவுக்கு நாலு கறிக்கடை இருந்ததால், அவர் இங்கே வந்து சந்தைத் தெருவில் கடை போட்டார். தகரக் கூரை, முன்னால் ஒரு சாக்குப் படுதா, நடுவில் புளியமரக் கட்டை. அந்தக் கட்டைக்கு ஒரு வாசம் உண்டு. உப்பும் கொழுப்பும் மஞ்சளும் கலந்த வாசம். கடை முடிந்ததும் கல்லுப்பைப் போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வெயிலில் சாய்த்துவைப்பார். அந்த வாசம் அவர் சட்டையில் இருக்கும், என் பாவாடையில் இருக்கும், என் ரிப்பனில்கூட இருக்கும் என்று என் வகுப்புப் பிள்ளைகள் சொல்வார்கள்.

ஆனால் புரட்டாசி வந்தால் எங்கள் வீட்டு வாசமே மாறிவிடும். தோட்டத்துக்காரர் வீடுகளில் எல்லாம் அந்த மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. சட்டிகூடத் தனியாக எடுத்துப் பரணில் போட்டுவிடுவார்கள். வாங்க ஆள் இல்லாத கடையைத் திறந்து யாருக்கு வெட்டுவது? அத்தா படுதாவை இறக்கிக் கட்டிவிட்டு, தேங்காய்க் களத்துக்கு உரிக்கப் போவார். சாயங்காலம் வரும்போது தலைமயிரெல்லாம் நார் ஒட்டியிருக்கும். பச்சை மட்டை வாசம் அடிக்கும். எனக்கு அந்த அத்தாவைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். மடியில் போய் உட்காருவேன். ஏன் என்று அவர் கேட்டதில்லை.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, புரட்டாசி பிறந்த சமயத்தில், ஒரு புது டீச்சர் வந்தார். கோயமுத்தூரில் சுத்த சைவக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசு. கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை, கையில் எப்போதும் சாக்பீஸ் தூள். எங்களை அதட்டாத முதல் டீச்சர் அவர்தான். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கருணை வகுப்பு என்று ஒன்றை அவராகவே ஆரம்பித்தார். ஆட்டுக்குத் தன் குட்டியைக் குரலிலேயே தெரியும், கோழிக்குப் பயம் வந்தால் மூச்சு முட்டும், மாட்டுக்குத் தோழி உண்டு என்றெல்லாம் சொல்வார். சொல்லும்போது அவர் கண் கலங்கும். நடிப்பில்லை. இத்தனை வருஷம் கழித்தும் சொல்கிறேன், அந்த டீச்சர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. கடைக்குப் பின்னால் கட்டியிருக்கும் ஆடுகளின் கண்ணை அவரைவிட நான் கிட்டத்தில் பார்த்தவள்.

ஒருநாள் கேட்டார். "கறி சாப்பிடறத விட்டுடறேன்னு உங்கள்ல யார் சொல்லப் போறீங்க?"

வகுப்பே கையைத் தூக்கியது. பச்சை நூலைத் திரித்து வைத்திருந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மணிக்கட்டில் கட்டினார். முகமெல்லாம் பூரித்துப்போயிருந்தது.

இதில் நடந்த கூத்து உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். புரட்டாசியில் எவன் கறி தின்றான், விடுவதற்கு? ஆனால் பிறந்ததிலிருந்து கறியே புழங்காத வீட்டில் வளர்ந்தவருக்குப் புரட்டாசியும் ஐப்பசியும் ஒன்றுதான். சனிக்கிழமை விரதம் தெரிந்திருக்கும். மாதம் முழுக்க ஒரு ஊரே கறிச்சட்டியைக் கவிழ்த்துவைக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. தன் பேச்சுக்குத்தான் ஊர் மாறிவிட்டது என்று நினைத்துவிட்டார்.

யாராவது சொல்லியிருக்கலாம். எங்கள் ஊர் மரியாதை யாரைச் சொல்லவிட்டது? டீச்சர் வழியில் பார்க்கும் தாய்மார்களிடம் எல்லாம் கேட்பார். "வீட்டுல பையன் கறி கேக்கறதில்லீங்களே?"

"இல்லீங்க டீச்சர். இப்பெல்லாம் அந்தப் பேச்சே இல்லீங்க" என்பார்கள்.

அது பொய்யும் இல்லை. டீச்சர் அந்தப் பக்கம் போனதும் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். "பாவம், ஆசையாக் கேக்குது அந்தப் புள்ள. மனசு நோகற மாதிரி எதுக்குச் சொல்லோணும்? மாசம் முடிஞ்சா தானாத் தெரிஞ்சுக்குது."

நானும் கையைத் தூக்கினேன். அதற்குக் காரணம் ஆட்டின் கண் மட்டும் இல்லை. மத்தியானம் வேப்பமரத்தடியில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் கொஞ்சம் தள்ளி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம். யாரும் போ என்று துரத்தியதில்லை. "பாய் வீட்டுப் புள்ள, கொஞ்சம் தள்ளி உக்காந்துக்க கண்ணு, எங்கூட்டுல புரட்டாசி" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். என் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம்தான் இருக்கும். இருந்தும் தள்ளித்தான். கயிறு கட்டிய அன்றைக்கு டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டுபோய் அந்த வரிசையின் நடுவில் உட்காரவைத்தார். பக்கத்திலிருந்தவள் தன் சுண்டைக்காய் வற்றலை எனக்கு வைத்தாள். அந்த வற்றலின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. கசப்பும் மோர் உப்பும்.

வீட்டில் அம்மா கயிறைப் பார்த்துவிட்டு, "இதென்ன புதுசா?" என்றாள். நான் சொன்னேன். அம்மா அத்தாவைப் பார்த்தாள்.

"இஸ்கோல்ல சொல்லிக்குடுத்தா கேட்டுக்கட்டும். நல்லதத்தானே சொல்லியிருக்காங்க" என்று அத்தா நார் ஒட்டிய தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

காந்தி ஜெயந்திக்கு நாடகம் என்று டீச்சர் முடிவு செய்தார். நான் ஆட்டுக்குட்டி. அட்டையில் காது வெட்டி ஒட்டிக்கொண்டு "ம்மே" என்று கத்த வேண்டும். கடைக்காரன் வேஷம் தோட்டத்துக்காரர் வீட்டுப் பையன் ஒருவனுக்கு. ஒத்திகையில் அவன் டவுசரோடு நின்று ஸ்கேலை ஓங்குவான், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. அந்தக் கடைக்காரன் யார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முந்தின நாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "உங்கப்பாகிட்ட ஒரு லுங்கி, தொப்பி, அந்த வெட்டற கட்டை, எல்லாம் ஒருநாளைக்குக் கேட்டு வாங்கிட்டு வர்றியாம்மா? நான் கேட்டேன்னு சொல்லு. அவரையும் கண்டிப்பா வரச் சொல்லு."

அத்தாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "நாடகத்துக்கா? நம்ம கட்டையா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். அன்றைக்குச் சாயங்காலம் கட்டையை உப்புப் போட்டுத் தேய்த்தார், மறுபடி தேய்த்தார், தேங்காய் நாரால் பாலிஷ் போட்டார். அம்மா நீலக்கட்டம் போட்ட லுங்கியைத் துவைத்து, மடித்து, தலையணைக்கு அடியில் வைத்தாள், இஸ்திரி போட்ட மாதிரி இருக்கட்டும் என்று. காலையில் அத்தாவே கட்டையைத் தோளில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் வந்தார். டீச்சர் இரண்டு கையும் கூப்பி வரவேற்று, முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அந்த ஊரில் அத்தாவுக்கு யாரும் முதல் வரிசையில் நாற்காலி போட்டதில்லை. வெள்ளைச் சட்டையின் மேல்பொத்தானையும் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பையன் அத்தாவின் லுங்கியை மார்புவரை தூக்கிக் கட்டிக்கொண்டு, அத்தாவின் தொப்பியோடு, கரியில் தாடி வரைந்துகொண்டு மேடைக்கு வந்தான். நான் கட்டையில் தலையை வைத்திருந்தேன். மஞ்சள் வாசம் அடித்தது. எங்கள் வீட்டு வாசம். அட்டைக் கத்தியை ஓங்கிக்கொண்டு அவன் சிரித்தான். ஒத்திகையில் சிரித்ததைவிடப் பெரிதாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ராட்சசன் மாதிரி சிரித்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கட்டையில் தலை சாய்ந்தபடியே நான் முதல் வரிசையைப் பார்த்தேன். அத்தா முகத்தில், ஆரம்பத்தில் வைத்திருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார்.

கூட்டம் கைதட்டியது. இருந்தவர்களில் பாதிப்பேர் அத்தாவிடம் வாராவாரம் கறி வாங்குகிறவர்கள். கைதட்டாதவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

டீச்சர் மேடையேறி, "இந்தக் குழந்தையோட அப்பாவும் இங்க வந்திருக்கார். தன் மகள் கண்ணீரைப் பார்த்து அவர் மனசும் ஒருநாள் மாறும்னு நம்பறேன்" என்றார். மனதார வேண்டிக்கொள்கிற குரல். அத்தாவை அவமானப்படுத்த அவர் கூப்பிடவில்லை. காப்பாற்றத்தான் கூப்பிட்டார். அதுதான் இன்னும் என்னால் பொறுக்க முடியாத இடம். கெட்டவராக இருந்திருந்தால் வைதுவிட்டு மறந்திருப்பேன்.

அத்தா எழுந்தார். "நல்லா இருந்துச்சுங்க டீச்சர். புள்ளைக நல்லாச் செஞ்சாங்க" என்றார். லுங்கியை அந்தப் பையன் அவிழ்த்துக் கொடுக்கும்வரை காத்திருந்து வாங்கிக்கொண்டார். கட்டையைத் தோளில் ஏற்றினார். நான் காதைக் கழற்றாமல் பின்னாலேயே ஓடினேன்.

ரயில்வே கேட் வரைக்கும் போனோம். கேட் சாத்தியிருந்தது. கட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

"நாடகம் நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. நீ நல்லாக் கத்துன. ஆனா அந்தப் பையன் சிரிச்சான் பாரு, அதுதான் தப்பு. அந்த நேரத்துல யாரும் சிரிக்க மாட்டாங்க."

நான் தலையாட்டினேன்.

"தண்ணி காட்டி, பிஸ்மி சொல்லி, மத்த ஆடு பாக்காம மறைச்சுத்தான் செய்யறேன். உங்கம்மாகிட்ட வேணா கேளு. அன்னிக்குப் பூரா எனக்குச் சோறு எறங்காது. சிரிப்பு எப்படீங்க வரும்?"

கடைசியில் என்னைப் போய் 'ங்க' போட்டுக் கேட்டார். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் என்னிடம் கேட்டார். எனக்குப் பத்து வயசு. ரயில் வந்து போயிற்று. கட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

அந்தக் கட்டை மறுபடி கடைக்குப் போகவில்லை. "நாடகத்துல நடிச்ச கட்டை, இனிமே வேலை செய்யுமா?" என்று கேலி பேசிவிட்டு, அத்தா கொல்லையில் போட்டுவிட்டார். புதுக் கட்டை ஒன்று வாங்கினார். பழையதில் அம்மா உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பாள். பிறகு நான். வீட்டை விற்றபோது விறகோடு விறகாக அதுவும் போனது. கண்காட்சிக்கு வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தது. விடிவதற்குள் கூட்டம். பெரியவர்கள் கொஞ்சம் கூச்சப்பட்டார்களோ என்னவோ, பிள்ளைகளிடம் தூக்குப்போசியைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். என் வகுப்பே அங்கே நின்றது. தேக்கிலையும் போசியுமாக நீட்டிய கைகளில் எல்லாம் பச்சைக் கயிறு. தாடி வரைந்த பையனும் இருந்தான். "ஏனுங்க பாய், எங்களுக்குத் தொடைல போடச் சொன்னாங்க" என்றான்.

அத்தா அவன் கையைப் பார்த்தார். "கவுத்த மேல ஏத்திக்க கண்ணு. ரத்தம் பட்டா டீச்சர் வைவாங்க" என்றார். அவர் கேலியாகச் சொன்னாரா, நிஜமாகத்தான் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தொடைக்கறிதான் போட்டார்.

அந்த நேரம் பார்த்து டீச்சர் காய்கறிப் பையோடு தெருமுனையில் திரும்பினார். நான்தான் முதலில் பார்த்தேன். "அத்தா, டீச்சர்" என்றேன். அத்தா கத்தியைப் போட்டுவிட்டு, பிள்ளைகளை எல்லாம் உள்ளே இழுத்து, சாக்குப் படுதாவைச் சரேலென்று இறக்கிவிட்டார். இருட்டில் ஆட்டுத்தலைகளுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம்.

"சத்தம் போடாதீங்க. அந்தப் புள்ள பாத்தா மனசு ஒடைஞ்சுரும்" என்று அத்தா குசுகுசுவென்று சொன்னார்.

செருப்புச் சத்தம் கடைக்கு முன்னால் கொஞ்சம் நின்றது. பிறகு போனது. சாக்கில் ஓட்டைகள் உண்டு. டீச்சர் பார்த்தாரா இல்லையா, எனக்குத் தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கணக்கு நடந்தது. அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். போகிற அன்று என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். அதற்குள் மற்றவர்கள் கயிறெல்லாம் அறுந்தும் தொலைந்தும் போயிருந்தன. "நீயாவது வெச்சிருக்கியே" என்று மட்டும் சொன்னார்.

வைத்திருந்தேன். கடை திறந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வைத்த குழம்பைத் தட்டில் பார்த்ததும் எனக்கு இறங்கவில்லை. ஆட்டின் கண்ணா, அந்தச் சிரிப்பா, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தாவின் முகமா, எது தொண்டையில் நின்றது என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அத்தா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, அம்மாவிடம், "பாப்பாவுக்குப் பருப்பு கடைஞ்சு குடு" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் எனக்கென்று தனியாக ஒரு கத்தரிக்காய்க் குழம்பு கொதித்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கறிக்கடைக் கத்தரிக்கா என்று பேர். வேப்பமரத்தடி வரிசையில் நடு இடம் ஐப்பசியோடு போயிற்று. தொட்டிப் பக்கம் பழகின இடம்தானே, போய் உட்கார்ந்துகொண்டேன்.

வருஷங்கள் ஓடிப்போய், அம்மாவும் போன பிறகு, அத்தா படுக்கையில் விழுந்தார். ஆட்டுக்கால் சூப் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். நான்தான் வைத்தேன். கால் வாங்கி, வாட்டி, சுரண்டி, மிளகு தட்டிப் போட்டு, நானே. கிண்ணத்தை நீட்டியதும், அம்மாவிடம் கேட்கிற பழக்கத்தில், "உப்புப் பாத்தியா கண்ணு?" என்றார்.

நான் கரண்டியை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன். அந்த நிமிஷம் குடித்துவிடத்தான் நினைத்தேன். அத்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கயிறு இருந்த இடம்.

"நீ வேண்டாம். உப்பு இல்லீன்னா நான் போட்டுக்கறேன்."

கொஞ்சம் குடித்தார். பிறகு, "அந்த டீச்சர் நல்லவங்கதான் கண்ணு. உன்னைய எங்கிட்ட இருந்து கொஞ்சம் தள்ளி உக்கார வெச்சுட்டாங்க, அவ்வளவுதான்" என்றார்.

அப்படி இல்லைங்கத்தா, உங்களை வெறுத்து நான் விடவில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. அது முழு உண்மையா என்று எனக்கே தெரியாதபோது, சாகக் கிடக்கிறவரிடம் எப்படிச் சொல்வது? உதட்டைத் துடைத்துவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அதைப் பற்றிப் பேச நாள் கிடைக்கவில்லை. எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

நேற்று மகளுக்கு நானே ஃபோன் செய்தேன்.

"வாரேன். பேசறேன். கட்டை இல்லை. ஆனா ஒண்ணே ஒண்ணு. கடைக்காரனா நடிக்கிற பையன் சிரிக்கக் கூடாது."

"ஏம்மா?"

"அந்த நேரத்துல யாரும் சிரிக்க மாட்டாங்க."

அந்தப் பக்கம் வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஆனா அம்மா," என்றாள் மகள், "ஒத்திகையில பசங்க அந்த எடத்துலதான் கை தட்டறாங்க."